மிதிபடாத சோபா

அம்பத்தூர்ப் பக்கத்தில் சின்ன வீடுகளுக்கு மட்டும் உள் அலங்காரம் செய்துகொடுப்பவள் நசீமா. ஐந்நூறு சதுர அடிக்கு மேல் போனால் அந்த வேலையே வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு வயது முப்பத்திமூன்று. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த குமுதவல்லிக்கு ஐம்பத்தொன்று.

நசீமா அவளை அக்கா என்பாள். அக்கா அவளை மேடம் என்பாள். மேடம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நசீமாவுக்கு அலுத்துவிட்டது.

பிள்ளைகள் இரண்டு பேரும் கல்யாணமாகிப் போன பிறகு இனி என்ன என்று உட்கார்ந்திருந்தவள் குமுதவல்லி. இந்த வேலை அவளுக்கு ரொம்பவும் பிடித்துப்போனது. இரண்டு வருடம் திரைச்சீலைத் துணி தேடி அலைந்தாள், பெயிண்ட் அட்டைகளைப் புரட்டினாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒரே ஒரு வீட்டையாவது முழுதாகத் தன் கையால் அமைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஒருநாள் டீ குடிக்கும்போது கேட்டேவிட்டாள்.

“ஒரு வீடு சரியா அமைஞ்சிருச்சுன்னு எப்படி மேடம் தெரிஞ்சுக்கிறது?”

“தணிகாசலம் அண்ணன் வீட்டை நீங்களே செய்ங்க. அது சரியா வந்துட்டா, இனிமே தனியா வீடு எடுத்துப் பண்ணலாம்.”

“வரலன்னா?”

“மறுபடி திரைச்சீலை,” என்றாள் நசீமா.

தணிகாசலம் பஸ் டிரைவர். பதினெட்டு வருடம் வாடகை வீடுகளில் இருந்துவிட்டு வாங்கிய சொந்த வீடு அது. மூன்றாம் மாடியில் நானூற்றுப் பத்து சதுர அடி. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் வெளியே காத்திருக்க வேண்டிய சமையலறை, நாலு வேட்டி காயப்போட ஒரு பால்கனி. மனைவி பூங்கோதை. மகள் மதிவதனி ஒன்பதாவது படிக்கிறாள்.

நசீமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. சாமான் எதையும் செய்வதற்கு முன்னால், அது வரப்போகும் இடத்தில் அதே அளவுக்குக் கோலமாவால் தரையில் கோடு போட்டுவிடுவாள். சோபாவுக்கு ஒரு கட்டம், மேஜைக்கு ஒரு கட்டம், அலமாரிக்கு ஒரு கட்டம். வீட்டுக்காரர்கள் பாய், அடுப்பு, நாலு பாத்திரத்தோடு அங்கே வந்து இரண்டு நாள் குடியிருக்க வேண்டும். “தரையைப் பாக்காதீங்க, உங்க பாட்டுக்கு இருங்க,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவாள். மூன்றாம் நாள் வந்து பார்ப்பாள். எந்தக் கோடு கால்பட்டு அழிந்திருக்கிறதோ அந்தச் சாமான் அங்கே வராது. நின்ற கோட்டின்படிதான் மரம் அறுப்பார்கள்.

அவள் போடும் கோடு கோழி கிளறிய மாதிரி இருக்கும். அதைப் பார்க்கும்போதெல்லாம் குமுதவல்லிக்குக் கை பரபரக்கும். மார்கழிக் கோலப் போட்டியில் தொடர்ந்து ஆறு வருடம் முதல் பரிசு வாங்கிய கை. சும்மா இருக்குமா?

தணிகாசலத்தின் வீட்டுக்கு அவள் யோசித்து வைத்தது நிஜமாகவே நல்ல யோசனைதான், குறை சொல்ல முடியாது. ஹாலின் மூலையை அணைத்தாற்போல ‘ட’ வடிவில் ஒரு சோபா, அதற்கடியில் பாய் தலையணை வைக்க இழுப்பறைகள். நடுவில் மூன்று பேருக்கு ஒரு வட்ட மேஜை, அதன்மேல் தொங்கும் விளக்கு. சமையலறை வாசலை ஒட்டி ஒரு புத்தக அலமாரி. ஹாலைப் பெரிதாகக் காட்ட ஆளுயரக் கண்ணாடி. ஒரே ஒரு சுவருக்கு மட்டும் மாம்பழ மஞ்சள்.

எல்லாவற்றையும் தரையில் போட்டாள். போட்ட பிறகு கை நிற்கவில்லை. சோபாவின் மூலைகளில் தாமரை வைத்தாள். மேஜையைச் சுற்றி இதழ் விரித்தாள். அலமாரியின் ஓரத்துக்கு இரட்டை இழையில் கம்பி இழுத்தாள். நிமிர்ந்து பார்த்தபோது அவளுக்கே கண் நிறைந்துபோயிற்று.

மூன்றாம் நாள் மாலை நசீமா வருவதற்கு முன்பே குமுதவல்லி போய்விட்டாள். கதவைத் திறந்ததும் மனசு குளிர்ந்தது. ஒரு கோடு அழியவில்லை. தாமரையில் ஓர் இதழ்கூடக் கலையவில்லை.

முத்தையா ஆசாரி பிளைவுட் பலகைகளை மூன்று மாடி ஏற்றிக் கொண்டுவந்து வராண்டாவில் சாய்த்திருந்தார். ரம்பமும் தயார்.

“அறுக்கலாமாம்மா? அறுத்துட்டா அப்புறம் ஒட்டச் சொல்லக் கூடாது.”

“மேடம் வந்துரட்டும் ஆசாரி. வந்ததும் அறுங்க,” என்றாள் குமுதவல்லி. அவள் குரலில் அப்போதே தனி வீடு எடுத்தவளின் தோரணை வந்திருந்தது.

நசீமா வந்தாள். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை.

“அழகா இருக்குக்கா.”

“ஒரு கோடும் அழியல மேடம். எல்லாம் அது அது இடத்துல சரியா உக்காந்திருச்சு.”

“மேஜைக்கு நடுவுல என்ன, செம்பருத்தியா?”

“நான்தான் வச்சேன்,” என்றாள் பூங்கோதை. “வெறுமனே இருந்துச்சு. பக்கத்து வீட்டம்மாகூட வந்து போட்டோ எடுத்துட்டுப் போனாங்க.”

நசீமா தணிகாசலத்தைப் பார்த்தாள். “அண்ணே, டூட்டி முடிஞ்சு வந்ததும் என்ன பண்ணுவீங்க?”

“காலையில நாலு மணிக்கு வண்டி எடுக்கிறவன்மா. மூணு மணிக்கு வருவேன். வந்ததும் தரையில நீட்டிப் படுத்தாத்தான் இடுப்பு இடுப்பா இருக்கும்.”

“நேத்து எங்க படுத்தீங்க?”

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். “பால்கனியில.”

“அங்க காலை நீட்ட முடியாதே.”

“மடக்கிக்கிட்டேன்.”

“ஏண்ணே?”

“அக்கா இவ்ளோ அழகா போட்டிருக்காங்க. அதுமேல காலை வைக்க மனசு வருமா?”

மதிவதனி சிரித்தாள். பாத்ரூமுக்குப் போக மூன்று இடத்தில் தாண்டிக் குதிக்க வேண்டியிருந்ததைச் சொன்னாள். ஒரு தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு பல்லி போலப் போனாளாம். பூங்கோதை இரண்டு நாளாகச் சமையலறைக்குள்ளேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள். அவள் எப்போதும் ஹாலில் உட்கார்ந்து நறுக்குகிறவள்.

குமுதவல்லிக்குக் காது சூடானது. இந்த மூன்று பேரும் இரண்டு நாளாகச் சொந்த வீட்டில் விருந்தாளிகள் மாதிரி ஓரமாக ஒதுங்கி நடந்திருக்கிறார்கள், அதைப் பார்த்துத் தான் பூரித்துப்போயிருக்கிறோம் என்பது புரிந்தபோது வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பலகைகள் மட்டும் அறுபட்டிருந்தால்?

“துடைப்பம் இருக்கா பூங்கோதை?” என்றாள் நசீமா.

பூங்கோதை பதறினாள். “வேணாம்மா, இருந்துட்டுப் போகட்டும்.”

நசீமா தானே எடுத்து வந்து கூட்டினாள். தாமரை போயிற்று. இதழ் போயிற்று. குமுதவல்லி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். கூட்டி முடித்ததும் நசீமா மாவுக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினாள்.

“அதே அளவு, அதே இடம். மறுபடி போடுங்கக்கா. இடது கையால.”

“இடது கையாலயா? புது வீட்டுல?”

“இது கோலம் இல்லக்கா. சோபா.”

குமுதவல்லி குனிந்தாள். இடது கை எந்தக் காலத்தில் மாவைத் தொட்டது? ஓரிடத்தில் கொட்டியது, ஓரிடத்தில் விழவே இல்லை. சோபா கோணிக்கொண்டு போனது. வட்ட மேஜை பூசணிக்காயாக வந்தது. மதிவதனி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆசாரிக்கு அந்த மரியாதையும் தெரியவில்லை.

“என்னம்மா இது, நண்டு ஓடுன மாதிரி இருக்கு?”

அலமாரியைப் போட்டு முடிப்பதற்குள் தணிகாசலம் பையை எடுக்க ஹாலின் குறுக்கே நடந்தார். சோபாவின் நடுவில் அவர் பாதம் பளிச்சென்று பதிந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. குமுதவல்லிக்குச் சுருக்கென்று இருந்தது. ஆறு வருடப் பரிசும் அந்தப் பாதத்தின் கீழே போனதாக நினைத்தாள்.

நசீமா ஆசாரியிடம் திரும்பினாள். “சனிக்கிழமை வாங்க ஆசாரி.”

“மூணு மாடி ஏத்தியிருக்கேன்மா.”

“பலகை இங்கேயே இருக்கட்டும். நீங்க மட்டும் இறங்குங்க.”

ஆசாரி முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்.

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கு இருவரும் மறுபடி போனார்கள். பூங்கோதை கதவைத் திறந்து, உதட்டின்மேல் விரல் வைத்துவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள்.

ஹாலின் நடுவே மின்விசிறிக்கு நேர் கீழே தணிகாசலம் காலை அகல நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டை ஓரமெல்லாம் மாவு. சோபாவில் பாதியும் மேஜை முழுவதும் அவருக்கு அடியில் இருந்தன. இத்தனை நிம்மதியாக ஒரு மனுஷன் தூங்கி குமுதவல்லி பார்த்து நாளாகிறது.

மதிவதனி சமையலறை வாசற்படியில் சாய்ந்து, காலை ஹாலுக்குள் நீட்டிக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தபடியே உள்ளே நிற்கும் அம்மாவிடம் பள்ளிக்கூடத்துக் கதையும் சொல்லிக்கொண்டிருந்தாள். புத்தக அலமாரி வரவேண்டிய இடம் அது. அங்கே கோடு இருந்த சுவடே இல்லை. கண்ணாடி வைக்க நினைத்த சுவரோரம் பூங்கோதையின் முறமும் அரிவாள்மணையும் இருந்தன. பக்கத்தில் அவரைக்காய் நார்.

கதவிலிருந்து சமையலறைக்கு ஒரு வழி, சமையலறையிலிருந்து பால்கனிக்கு ஒரு வழி, எல்லாம் மாவில் பாதம் பாதமாகத் தெரிந்தன. ஹாலின் இடது சுவரை ஒட்டி மட்டும் ஒன்றரை அடி அகலத்துக்கு யாரும் போகவில்லை. ஜன்னலுக்கடியில் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சியிருந்தது.

“இங்க ஒரு நீள பெஞ்சு போதும்,” என்றாள் குமுதவல்லி மெல்ல. “அடியில பாயெல்லாம் வச்சுக்கலாம். மேஜை சுவத்துல மடங்குற மாதிரி. பாப்பா உக்கார்ற எடத்துக்கு மேல ஒரு விளக்கு.”

“மஞ்சள் சுவர்?”

“அது இருக்கட்டும் மேடம். அண்ணன் படுத்தா அதுதான் அவர் கண்ணுக்கு நேரா வருது.”

நசீமா தலையாட்டினாள். கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

“ஆசாரி அஞ்சு மணிக்கு வருவாரு. நீங்களே சொல்லிருங்க. நான் கிளம்புறேன்.”

அதற்கு என்ன அர்த்தம் என்று குமுதவல்லிக்குத் தெரியும். இரண்டு வருடமாகக் காத்திருந்தது அதற்குத்தான். இருந்தாலும் அவள் கண் அந்தத் தரையைவிட்டு நகரவில்லை. இடது கையால் போட்டதானாலும் தான் போட்டதாயிற்றே. குனிந்து சோபாவின் ஒரு மூலையையாவது கண்டுபிடிக்கப் பார்த்தாள்.

“நான் போட்டதுல ஒண்ணுமே மிஞ்சலையே மேடம்.”

நசீமா அளவு டேப்பை அவள் கையில் வைத்தாள். தூங்குகிறவர் எழுந்துவிடாமல் தணிந்த குரலில் சொன்னாள்.

“நீங்க போட்டதை ஏன்க்கா தேடுறீங்க? அவங்க போட்டிருக்காங்க பாருங்க. அதை அளங்க.”