எட்டு வீடுகளை விட்டு வெளியே வருவது

“விட்டு வெளியே வர வேண்டும் தாயே. வழி சொல்லுங்கள்,” என்றார் மாசிலாமணி.

காவிரிக்கரை மடத்து அம்மை அவரைவிட இருபது வயது இளையவர். எதை விட்டு என்று கேட்டார்.

கரூரில் இருக்கும் தன் அடுக்குமாடியை என்றார் மாசிலாமணி. எட்டு வீடுகள். வாடகைக்கு விட்டே தலை நரைத்துவிட்டது. மனைவியும் போய்ச் சேர்ந்தாள். இனி மடத்திலேயே இருந்து கண்ணை மூட ஆசை.

வழிகளை அவரே அலசி வைத்திருந்தார். மகன் பேருக்கு எழுதலாம். அவன் வெளிநாட்டில் இருந்துகொண்டு வேண்டாம் என்கிறான். அடமானம் வைத்துப் பணம் எடுக்கலாம். இந்த வயதில் கடனா? குடியிருப்பவர்களோடு அப்படியே வாங்க ஒருவர் தயார், விலைதான் குறைவு. காலி செய்து கொடுத்தால் பில்டர் ஒருவர் நல்ல விலை தருவார். தை முதல் தேதி சாவி வேண்டுமாம், இடித்துக் கட்டுவாராம். சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கெட்டிக்காரர்தான்.

“எந்த வழி?”

“பில்டர்தான். எல்லோரையும் காலி செய்யச் சொல்லிவிட்டேன்.”

குடியிருப்பவர்களில் சரோஜினி டீச்சர் மட்டும் அழுகிறாராம். மகள் நிறைமாதம். மார்கழியில் எப்படிக் குடி மாறுவது, தை பிறக்கட்டும் என்கிறாராம். நாள் கிழமை பார்த்தால் வியாபாரம் நடக்குமா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார் இவர். அன்றிலிருந்து தூக்கம் மட்டும் பிடிக்கவில்லை.

அம்மை எழுந்துபோய் ஓர் அறையைத் திறந்தார். தானே கூட்டினார். பாய் விரித்தார். மூலையில் இருந்த அடுப்பில் பால் பாத்திரத்தை ஏற்றினார்.

“இது உங்கள் அறை ஐயா. இன்றைக்கே பால் காய்ச்சிக் குடி வந்துவிடுங்கள்.”

மாசிலாமணி பதறிப்போனார்.

“இன்றைக்கா? மார்கழியில் யாராவது பால் காய்ச்சுவார்களா தாயே? தை பிறக்கட்டும்…”

அம்மை தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தார். குச்சியை உரசவில்லை.

மாசிலாமணிக்கு வெட்கமாக இருந்தது.

வாசற்படியில் நின்றபடியே போனை எடுத்தார். பில்டரிடம் சாவி கிடைக்காது என்று சொன்னார். அந்தப் பக்கம் கத்தியதை முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தார்.

இன்னொரு எண்ணை அழுத்தினார்.

“டீச்சர், மாசிலாமணி பேசறேன். மகளுக்கு எப்போ நாள் சொல்லியிருக்காங்க?”