கோணக்குளத்துப் பள்ளமும் இரண்டு படங்களும்

கோணக்குளம் பேரூராட்சிக்காரர்களுக்கு அறிவு கிடையாது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அறிவு இருக்கிறது. தேய்ந்துபோய்விடுமே என்று யாரும் அதை எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

போன ஐப்பசி மழையில் அந்த ஊர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, பஸ் வட்டமடித்துத் திரும்புகிற இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. பஸ் ஊருக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது. இரண்டு மைல் தள்ளிப் புளியமரத்து முக்கிலேயே ஆட்களை இறக்கிவிட்டு வந்த வழியே போனது. நிறுத்தத்தில் இட்லிக்கடை வைத்திருந்த பேச்சியம்மாளுக்குத்தான் வயிற்றிலடி. காலையில் நாலு ஈடு இட்லி அவித்தால் மூன்று ஈட்டை ஆடுகள் தின்றன. ஆடுகள் சட்னி வேறு கேட்க ஆரம்பித்திருந்தன.

அது போதாதென்று டிரைவர் ஒரு சேதி சொல்லியனுப்பினார். முப்பதாம் தேதிக்குள் பள்ளம் சரியாகாவிட்டால் கோணக்குளத்துக்கு இனிமேல் பஸ்ஸே கிடையாதாம்.

பேச்சியம்மாள் நேரே பேரூராட்சித் தலைவர் ஆவுடையப்பனிடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, பஸ் நின்னுட்டுன்னா எம் பொழப்பும் நின்னுரும். அடுப்பை அணைச்சுட்டு நான் திருப்பூருக்குத்தான் போகணும். அந்தப் பள்ளத்துக்கு ஒரு வழி பண்ணுங்க."

ஆவுடையப்பன் தங்கமான மனுஷர். ஊருக்கு ஒரு கஷ்டம் என்றால் துடித்துப்போவார். துடித்து முடித்ததும் மேலிடத்துக்குக் கடிதம் எழுதுவார். எழுதினார். ஒரே வரியில் பதில் வந்தது: 'பள்ளத்தை உடனே நிரப்பவும்.'

மன்றம் கூடியது. உறுப்பினர்களில் பேசத் தெரிந்தவர்கள் சுடலையாண்டியும் இசக்கியம்மாளும். மற்றவர்கள் தலையாட்ட வந்தவர்கள். எழுத்தர் சொரிமுத்து கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார்.

"எதை வச்சு நிரப்பணும்னு போடலையே," என்றார் சுடலையாண்டி.

"அதை நம்ம புத்திக்கு விட்டுருக்காவ வே," என்று தலைவர் கண் கலங்கினார். "நம்ம மேல அம்புட்டு நம்பிக்கை."

இசக்கியம்மாள் நெடுநேரம் யோசித்தாள். "மண்ணைப் போட்டா ஒரு பக்கம் மேடா இருக்கும், ஒரு பக்கம் பள்ளமா இருக்கும். கல்லும் அப்படித்தான். தண்ணி ஒண்ணுதான் மட்டமா நிக்கும்."

மறுக்க முடியுமா? ஒரு லாரித் தண்ணீர் ஊற்றினார்கள். பள்ளம் தளும்பத் தளும்ப நிரம்பியது. ஆவுடையப்பன் குனிந்து பார்த்து, ரசமட்டம் வைத்தது மாதிரி இருக்கிறது என்று எல்லோரையும் பாராட்டினார். மறுநாள் காலையில் அதில் இரண்டு எருமைகள் படுத்திருந்தன. மூன்றாம் நாள் எருமைகளும் இல்லை, தண்ணீரும் இல்லை, பள்ளம் மட்டும் இருந்தது.

பேச்சியம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. தெருப்பெண்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு, இடிந்த சத்திரத்துக் கல்லையும் சரளையையும் சட்டி சட்டியாகச் சுமந்து கொட்டி, மதியத்துக்குள் பள்ளத்தை மூடி, மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டாள். அன்றைக்குத் தேதி இருபத்தேழு. கோணக்குளத்தில் ஒரு வேலை உருப்படியாக முடிந்தது அன்றைக்குத்தான். மன்றம் கூடாததால் முடிந்தது.

ஆனால் மன்றம் சும்மா இருக்குமா? சாயங்காலமே கூடியது. சொரிமுத்து ஒரு பழைய சுற்றறிக்கையைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தார்.

"எந்த வேலைக்கும் ரெண்டு படம் வேணுமாம். வேலைக்கு முன்னால ஒண்ணு, வேலைக்குப் பின்னால ஒண்ணு. ரெண்டு படத்துலயும் அதே இடம், அதே கோணம், அதே ஆட்கள் இருக்கணும். ஏமாத்து வேலையைத் தடுக்க இந்த ஏற்பாடுன்னு போட்டுருக்கு."

"சரி, முன் படம் எங்க?" என்றார் தலைவர்.

"எடுக்கலையே."

தலைவர் சுற்றறிக்கையை வாங்கி முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

"அப்போ பள்ளம் இருந்ததுக்கே சாட்சி இல்லை," என்று சுடலையாண்டி மெதுவாகச் சொன்னார். "இல்லாத பள்ளத்தை நிரப்புனோம்னு எழுதுனா, நம்மளைக் கிறுக்குப் பயலுவன்னுல்லா சொல்லுவாவ?"

அந்தப் பழிக்கு அஞ்சி, பள்ளத்தை மறுபடியும் தோண்டுவது என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

தகவல் தெரிந்ததும் பேச்சியம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏ, உங்களுக்கெல்லாம் புத்தி கித்தி இருக்கா? நாங்க இடுப்பொடியச் சுமந்து போட்ட கல்லு! முப்பதாம் தேதிக்கு இன்னும் மூணு நாள்தான் கெடக்கு!"

"பதறாத பேச்சி," என்றார் ஆவுடையப்பன். "படம் எடுக்கதுக்கு மட்டும்தான் தோண்டுதோம். எடுத்த கையோட மூடிருவோம். இது நான் குடுக்க வாக்கு."

தோண்டுவதற்கு ஒரு மணி நேரம் போதும். எவ்வளவு ஆழம் தோண்டுவது என்று பேசத்தான் இரண்டு நாள் ஆனது.

"நான் விழுந்தப்போ முழங்கால் வரைக்கும் இருந்துச்சு," என்றாள் இசக்கியம்மாள்.

"எனக்குத் தொடை வரைக்கும்," என்றார் சுடலையாண்டி.

"எனக்கு இடுப்பு வரைக்கும் வே," என்றார் ஆவுடையப்பன். அவர்தான் எல்லோரிலும் உயரம். அப்படியானால் அவருக்குத்தானே பள்ளம் குறைவாகத் தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை. தலைவர் விழுந்த ஆழமே பேரூராட்சியின் ஆழம் என்று முடிவானது.

முப்பதாம் தேதி காலையில் பழையபடி பள்ளம் வந்துவிட்டது. பழையதைவிட நன்றாகவே வந்திருந்தது. ஆழம் சரியா என்று பார்க்க ஆவுடையப்பன் உள்ளே இறங்கி நின்றார். சொரிமுத்து செல்போனை நீட்டி ஒரு படம் எடுத்தார்.

"எடுத்தாச்சா?" என்றாள் பேச்சியம்மாள். "நான் முக்குக்குப் போயி டிரைவர் கையில கால்ல விழுந்தாவது பஸ்ஸைக் கூட்டிட்டு வாரேன். வாரதுக்குள்ள மூடியிருக்கணும். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். அவள் ஓடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆவுடையப்பன் மேலே ஏறக் கையை ஊன்றினார்.

"அண்ணாச்சி, ஏறாதிய!" என்று அலறினார் சொரிமுத்து. "முன் படத்துல நீங்க உள்ளல்லா நிக்கிய?"

"ஆமா."

"பின் படத்துலயும் அதே ஆள் அதே இடத்துல நிக்கணுமே."

ஆவுடையப்பன் ஒரு நிமிஷம் யோசித்தார். அது அவருக்கு அதிகம்தான். "ஏமாத்து வேலை எனக்குப் பிடிக்காது," என்றார். "அள்ளிப் போடுங்கலே."

அள்ளிப் போட்டார்கள். கல், சரளை, மண், மேலே கொஞ்சம் தண்ணீர். இடுப்பைச் சுற்றிக் கட்டை வைத்து நன்றாக இடித்தார்கள். "அந்தப் பக்கம் லூசா இருக்கு பாருங்க," என்று ஆவுடையப்பனே கூட இருந்து மேற்பார்வை பார்த்தார். தரை மட்டமானதும் சொரிமுத்து அதே கோணத்தில் நின்று பின் படம் எடுத்தார். இரண்டு படத்தையும் ஒப்பிட்டால் பள்ளம்தான் இல்லை, மற்றதெல்லாம் அச்சு அசல்.

அந்த நேரம் பார்த்து ஆரன் சத்தம் கேட்டது. பஸ் வந்துவிட்டது!

டிரைவர் எட்டிப் பார்த்தார். பள்ளம் இருந்த இடத்தில் அரை ஆள் கும்பிட்டுக்கொண்டிருந்தது. "அட, ரவுண்டானா வச்சிட்டியளா?" என்று கேட்டுவிட்டு, ஆவுடையப்பனை ஒரு சுற்றுச் சுற்றி வண்டியை அழகாகத் திருப்பி நிறுத்தினார். முன்பெல்லாம் இரண்டு தடவை பின்னால் எடுத்தால்தான் திரும்பும். பஸ்ஸுக்குப் போடுவதற்காகக் கட்டி வைத்திருந்த மாலை ஜன்னலுக்கு எட்டவில்லை, தலைவருக்கு எட்டியது. போட்டார்கள்.

இறங்கி வந்த பேச்சியம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். "அய்யோ அண்ணாச்சி! ஏ, மம்பட்டியை எடுங்க!"

"மம்பட்டியைத் தொடாத பேச்சி," என்றார் ஆவுடையப்பன் கம்பீரமாக. "என்னைத் தோண்டுனா பள்ளம் வரும். பள்ளம் வந்தா பஸ் போயிரும். ஒனக்கு வாக்கு குடுத்துருக்கேன்."

பேச்சியம்மாள் பஸ்ஸைப் பார்த்தாள். இறங்கிய நாற்பது பேரும் பசியோடு கடைப்பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். மறுபடி தலைவரைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"சாம்பார் ஊத்தட்டுமா அண்ணாச்சி, சட்னியா?" என்றாள்.

எட்டு இட்லி சாப்பிட்டார்.

அவர் கை கழுவும்போது, அதே பஸ்ஸில் வந்த தபாலைச் சொரிமுத்து பிரித்தார். தேர்தல் அறிவித்துவிட்டார்களாம். பொது இடங்களில் உள்ள தலைவர்களின் சிலைகளையெல்லாம் இன்றைக்கே துணியால் மூட வேண்டுமாம்.

"நம்ம ஊர்ல சிலை ஏது?" என்றாள் இசக்கியம்மாள்.

சுடலையாண்டி திரும்பிப் பார்த்தார். "ரோட்டு நடுவுல நிக்காரு. அசைய மாட்டாரு. மாலை போட்டாச்சு. பஸ் சுத்திப் போவுது. ஒரு சிலைக்கு இதுக்கு மேல என்ன வேணும்?"

"சட்டம்னா சட்டம்தான்," என்றார் ஆவுடையப்பன். "யாருக்காவும் வளையக் கூடாது. மூடுங்க."

சுடலையாண்டி தன் புது வேட்டியைக் கொண்டுவந்து தலையிலிருந்து தரை வரைக்கும் போர்த்தி, காற்றில் பறக்காமல் கயிறு போட்டுக் கட்டினார். மூடுவதற்கு முன்னால் ஒரு படம், மூடிய பிறகு ஒரு படம். சொரிமுத்து மறக்கவில்லை.

செல்போனை மடியில் சொருகிக்கொண்டு அவர் கிளம்பும்போது வேட்டிக்குள்ளிருந்து தலைவரின் குரல் கவலையோடு கேட்டது.

"லேய் சொரிமுத்து, ரெண்டாவது படத்துக்குக் கண்ணைச் சிமிட்டிட்டேன்னு நெனைக்கேன். இன்னொண்ணு எடுத்துரு."