செத்தவளோட சாமை

"கொட்டினான்னு சொல்லாத. தூவினா. கொட்டறது வேற, தூவறது வேற. உன் ஆத்தா உன்னைப் பெத்ததை, கொட்டிட்டுப் போனான்னா சொல்றோம்?"

கூட்டத்துல சிரிப்பு கிளம்புச்சு. கள்ளியன் நிறுத்தல.

"என்னது? பிள்ளைங்க வாயில போக வேண்டியது மண்ணுல போச்சா? ஒரு கை சாமை. அதுவும் அவ பங்கு. முந்தாநாள் அரை மானை ஒரே ஆளா உள்ள தள்ளிட்டு மல்லாந்து கிடந்தியே, யாராவது கேட்டோமா? இப்ப ஒருத்தி ஒரு கை புல்லரிசியைத் திங்காம விட்டதுக்குக் கேள்வி கேக்க வந்துட்ட!"

எதிர்ல நின்னவன் ஈச்சன். கூட்டத்துக்கு முன்னால நடக்கறவன். அவன் கோலை ஊனினா எல்லாரும் நிப்பாங்க. தூக்கினா கிளம்புவாங்க.

பேச்சுக்குக் காரணமான உசிலை, ஆத்து வளைவுல ஈர மண்ணுக்குப் பக்கத்துல உக்காந்து கையில இருந்த சேத்தைத் தட்டிக்கிட்டிருந்தா.

அவளுக்குக் கள்ளியனோட மக வயசு இருக்கும். ஆனா எந்தப் புல்லு எப்போ பால் பிடிக்கும், எந்தக் கிழங்கு கொல்லும், எது காப்பாத்தும்னு அவளுக்குத் தெரிஞ்சது யாருக்கும் தெரியாது. ரெண்டு மழையா கள்ளியன் அவ பின்னாடியே அலைஞ்சு கத்துக்கிட்டிருந்தான். பிள்ளைங்க அவனுக்கு வச்ச பேரு, நரைச்ச வாலு.

வாலு இப்ப அவகிட்டத் திரும்புச்சு.

"தாயி, உனக்காகத் தொண்டை கிழியக் கத்தறேன். எனக்காவது சொல்லு. இது முளைக்கும்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமயா மண்ணுல போட்ட?"

"போன மழைக்கு நாம உமி ஊதிப்போட்ட இடத்துல முளைச்சு நின்னுச்சே, பார்த்தியா?"

"காஞ்ச தாளைப் பார்த்தேன்."

"கதிரை யாரு தின்னா?"

"குருவி. மானு. வேற யாரு?"

"நாம எங்க போனோம்?"

கள்ளியன் மலைப் பக்கம் கையைக் காட்டினான். 

"நான் இங்கயே இருக்கப் போறேன்"னு சொன்னா உசிலை.

அதைக் கேட்டு, குழந்தைக்குப் பேன் பார்த்துக்கிட்டிருந்தவ கூட கையை எடுத்துட்டா.

அது நடக்கற கூட்டம். பொழுது விழற பக்கத்துலேர்ந்து, கடலை ஒரு கைப்பக்கமா வச்சுக்கிட்டே நடந்து வந்த கூட்டம். எத்தனை தலைமுறையா நடக்கறாங்கன்னு எண்ண ஊர்ப்பட்ட விரலும் பத்தாது. மான் போனா போவாங்க. கிழங்கு தீர்ந்தா போவாங்க. கால் ஒடிஞ்சோ காய்ச்சல்லயோ ஒருத்தர் நின்னுட்டா, ஆளுக்கொரு கல்லை முன்னால வச்சுட்டு, திரும்பிப் பார்க்காமப் போவாங்க. அதோட அவங்க செத்தவங்க. மூச்சு இருந்தாலும் சரி. அடுத்துப் பிறக்கற பிள்ளைக்கு அந்தப் பேரு.

நல்லா இருக்கற காலோட நிக்கறேன்னு சொன்னவ இவ ஒருத்திதான்.

"அப்ப நானும் இருக்கேன்"னான் கள்ளியன்.

"நீ போ."

"ஏன்?"

"உனக்கு வாய் இருக்கு."

"அது இங்க வேண்டாமா?"

"குருவிங்க வாதத்துக்கு வராது."

மறுநாள் ஈச்சன் கோலைத் தூக்கினான். ஒவ்வொருத்தரா வந்து கல்லு வச்சாங்க.  கள்ளியன் தன் முறை வந்ததும் கல்லை ஓங்கி ஆத்துல வீசினான்.

"வைக்க மாட்டேன்! உயிரோட இருக்கறவளுக்கு எதுக்குய்யா கல்லு?"

உசிலை உச்சுக் கொட்டினா.

"ஏன்யா வீணாக்கற? குருவி அடிக்க ஆகும்ல?"

மலைப் பக்கம் போனாங்க. அந்தத் தடவை மலை கையை விரிச்சுடுச்சு. காடு எரிஞ்சு கிடந்தது. மான் வேற வழி போயிருந்தது. ஒரு நிலா முழுக்க எலியும் ஈசலும் தின்னாங்க. அதுக்கு நடுவுல நுணான்னு ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்துச்சு. ஈச்சன் அதுக்கு உசிலைன்னு பேரு வச்சான்.

"அந்தப் பேருக்கு ஆள் இருக்கு!"ன்னு கள்ளியன் குதிச்சான். யாரும் காது கொடுக்கல.

மூணாவது நிலா தேயறதுக்குள்ள நுணாவுக்குப் பால் வத்திப்போச்சு. குழந்தை அழறதை நிறுத்திடுச்சு. அழுதப்ப இருந்ததைவிட அதுதான் எல்லாருக்கும் பயமா இருந்துச்சு.

"ஆத்து வளைவுக்குத் திரும்பலாம்"னு கள்ளியன் வழி நெடுக நச்சரிச்சான். வேற போக்கிடம் இல்லாம ஈச்சனும் கோலை அந்தப் பக்கம் திருப்பினான்.

கடைசி மேட்டுல கள்ளியன் எல்லாரையும் தாண்டி ஓடினான். நரைச்ச தாடியும் எலும்பும் தோலுமா, கன்னுக்குட்டி மாதிரி ஓடினான்.

மேலே நின்னு பார்த்தான்.

ஆத்து வளைவுல அந்த ஈர மண்ணு முழுக்க மஞ்சளா தலை சாய்ச்சு நின்னுச்சு சாமை. ஒரு கை போட்ட இடத்துல! காத்து அடிச்சா ஒரே திசையில படுத்து, ஒரே மூச்சா எந்திரிச்சுது. அங்கங்க குருவியை அடிச்ச கல்லு. நடுவுல உசிலை, கருவக்கட்டையா கறுத்து, ஒரு பிடி கதிரை மடியில கட்டிக்கிட்டு.

"தாயி! முளைச்சிருச்சு! தாயி, முளைச்சிருச்சு!"

"எனக்குத் தெரியாதா? கத்தாம வா. வர்றப்போ கதிரை மிதிச்சுத் தொலைக்காத."

அவன் சிரிச்சான், அழுதான், ஒரு கதிரை உருவி முகத்துல தேய்ச்சுக்கிட்டான்.

பக்கத்துல தணல். அதுமேல பச்சை மூங்கில் குழாய்ங்க வரிசையா சாய்ஞ்சு கிடந்தது. உள்ள சாமை வெந்து, மணம் மேடு வரைக்கும் போச்சு.

மேட்டுல கூட்டம் வந்து நின்னுச்சு. நின்னது நின்னபடியே முகத்தைத் திருப்பிக்கிச்சு.

ஈச்சன் கோலை வழிக்குக் குறுக்கே ஊனிட்டான்.

செத்தவங்க கையால எதையும் வாங்கக் கூடாது. அது அவங்க வழக்கம். வாங்கினா கூட்டமே அவங்க பின்னாடி செத்துப்போயிரும்னு பயம். ஒரு பையனோட மூக்கு மட்டும் மணத்துப் பக்கம் திரும்பிச்சு. அவன் அம்மா அதைத் திருப்பி வச்சா.

கள்ளியன் மேலயும் கீழயும் ஓடினான்.

"நுணா, நீயாவது வா! உன் பிள்ளை மூஞ்சியைப் பாரு!"

நுணா குழந்தையைப் பார்த்தா. கோலைப் பார்த்தா. கால் எழும்பல.

"தாயி, வர மாட்டேங்கறாங்க! செத்தவ சோறாம்! ஏதாவது சொல்லு! உன் வாயால ஒரு வார்த்தை சொல்லு!"



உசிலை தேக்கிலை பறிச்சுட்டு வந்தா. மேட்டடியில வரிசையா போட்டா. மூங்கிலைப் பிளந்து ஒவ்வொரு இலையிலயும் மூணு வாய் வச்சா. முதல் இலைக்கு முன்னால நின்னு, "ஈச்சன்"னா. அடுத்த இலைக்கு, "நுணா"ன்னா. ஒவ்வொரு இலைக்கும் ஒரு பேரு. கடைசியா உள்ளங்கை அளவு சின்ன இலை ஒண்ணு. அதுக்கு முன்னால கொஞ்சம் தயங்கி, "என் பேருக்காரி"ன்னா.

அப்புறம் மூணு அடி பின்னால நகர்ந்து, முதுகைக் காட்டித் திரும்பி நின்னா.

 இலை, மூணு வாய், பேரு, மூணு அடி, முதுகு. செத்துப்போன அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் கூட்டத்துல ஒவ்வொருத்தரும் வச்ச படையல் அது. ஒரு பிசகு இல்ல.

கள்ளியன் இலைங்களைப் பார்த்தான். தன் பேருக்கு வச்ச இலையையும் பார்த்தான். அவளோட முதுகைப் பார்த்தான். வயித்துலேர்ந்து ஒரு சிரிப்பு புறப்பட்டு, ஆத்தங்கரைக் கொக்கெல்லாம் பறக்கற மாதிரி வெடிச்சுது.

மேட்டுல பாய்ஞ்சு ஏறி ஈச்சனுக்கு நேரா நின்னான்.

"மூஞ்சியைத் திருப்பாத, ஈச்சா! இங்க பாரு! அவ செத்தவன்னு சொன்னது நீ. படையல் வச்சு நிக்கறது அவ. யாரு யாருக்குப் படைப்பாங்க? நீ சொல்லிக்கொடுத்த வழக்கம்தானே? என் காதுல முணுமுணுக்காத. நுணாவுக்குக் கேக்கணும், அந்தப் பையனுக்குக் கேக்கணும், கடைசியில நிக்கற கிழவிக்கும் கேக்கணும். உரக்கச் சொல்லு! இங்க செத்தது யாருய்யா?"