நகலில் பூட்டிய குரல்

காவிரிக் கரையில் ஓர் இல்லம். இனிப் பிழைக்க மாட்டார்கள் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டவர்கள் அங்கே வந்து தங்குவார்கள். தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைப்பதைப் பேசிப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்தக் குரல்களுக்குக் காவல் தணிகாசலம். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, ஐம்பதைத் தாண்டிய பிறகு சீடராக வந்தவர். அவருடைய குருவும் இல்லத்தை நடத்தியவருமான மங்கையர்க்கரசி அம்மா அவரைவிட வயதில் சிறியவர்.

ஒரு நாள் காலை தணிகாசலம் கேட்டார்.

“எதிர்பாராம எல்லாம் போயிடும்னா, அதுக்கு எப்படித் தயாராகிறது அம்மா?”

“எது போயிடும்?”

“குரல்கள்தான். எங்கேயோ ஒரு ஊர்ல, வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர்ல இருக்கு. நான் கண்ணால பார்த்ததுகூட இல்ல.”

“நகல் இல்லையா?”

“தினமும் தானாவே நகல் எடுத்து வேற கம்பெனி சர்வர்ல சேருது. பூட்டியும் வெச்சிருக்கேன். ஒருத்தராலயும் திறக்க முடியாது.”

“அப்புறம் என்ன?”

“இருந்தாலும் மனசு அடங்க மாட்டேங்குது.”

அம்மா கூடத்தைக் காட்டினார். அங்கே வேதவல்லி உட்கார்ந்திருந்தாள். அன்று காலைதான் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தாள். இல்லத்தில் தங்கிக் குரலைப் பதிந்துவிட்டுப் போன அவளுடைய அப்பாவை எரித்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“சர்வர் இன்னிக்கு விடியறப்போ போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க. நகல்லேர்ந்து எடுத்து அந்தப் பொண்ணுக்குக் கொடுங்க.”

“இவ்வளவுதானா?” என்று சிரித்தார் தணிகாசலம்.

வேதவல்லி ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். அவர் நகலைத் திறந்தார். அது கடவுச்சொல் கேட்டது.

அவர் கை திரையில் சர்வரைத் திறக்கப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்தார்.

“அதுதான் போயிடுச்சே.”

“கடவுச்சொல்லை அதுலதான் வெச்சிருக்கேன் அம்மா.”

“வீட்டுக்குள்ளயே சாவியை வெச்சுப் பூட்டிட்டு வந்தீங்களா? கம்பெனியிலயும் இப்படித்தானா?”

அவர் மற்றொரு கையை விசைப்பலகையில் வைத்தார். நினைவிலிருந்து ஒன்றை அடித்தார். திறக்கவில்லை. இன்னொன்று. அதுவும் இல்லை. நகல் சேர்ந்ததா என்று தினமும் பார்த்தவர், ஒரு நாளாவது அதைத் திறந்து பார்த்ததுண்டா? யாரிடமிருந்து காப்பாற்றப் பூட்டினார்?

“ஐயா,” என்றாள் வேதவல்லி, கண்ணைத் திறக்காமலே. “அப்பா இன்னும் பேசலையே.”

“கொஞ்சம் பொறுத்துக்கம்மா.”

“பரவாயில்லைங்கய்யா. அவர் எப்பவும் தொண்டையைச் செருமிட்டுத்தான் ஆரம்பிப்பார்.”

தணிகாசலத்தின் விரல்கள் நின்றுவிட்டன. அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

“என்னால முடியல.”

அம்மா கையை விட்டார். அவர் சர்வரைத் திறந்து, அந்தக் குரலைத் தேடி, ஓடவிட்டார். வேதவல்லியின் முகம் கோணியது. பிறகு தலையை மெல்ல ஆட்டினாள், யாருக்கோ பதில் சொல்வதுபோல.

தணிகாசலமும் அம்மாவும் வெளியே வந்தார்கள்.

“நல்லவேளை, எதுவும் போகல அம்மா.”

“விடியறப்போவே எல்லாம் போயிடுச்சு தணிகாசலம்,” என்றார் அம்மா. “இந்த ஒரு தடவை உங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கு.”