சர்க்கரை இல்லாத பாட்டில்

மடத்துப் படி ஏறுவதற்குள் குழந்தைவேலுக்கு மூச்சு முட்டியது. ஐம்பத்தெட்டு வயசு, பீப்பாய் உடம்பு. மகள் தமயந்திக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. அப்பாவுடையது பொருந்துகிறது, ஆனால் எடையைக் குறைத்துவிட்டு வந்தால்தான் கத்தி வைப்போம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். சொல்லி ஒரு வருஷம் ஓடிப்போச்சு. பிள்ளை டயாலிசிஸில் துவண்டுபோயிருந்தாள்.

மடத்தின் குரு பூரணியம்மா அவரைவிட இளையவர். ஆனாலும் அவர் சொல்தான் இவருக்கு வேதவாக்கு.

"அம்மா, சர்க்கரை இல்லாத கூல்டிரிங்க்ஸ் குடிச்சா எடை குறையும்னாங்க. தினமும் குடிக்கிறேன். ஒரு கிலோ இறங்கல. நிஜமாவே குறைக்குமா, இல்ல ஏமாத்து வேலையா?"

"முதல்ல சாப்பிடுங்க ஐயா."

அன்றைக்கு ஏகாதசி. மடத்தில் சோறு கிடையாது, பலகாரம்தான். நம்ம ஜனங்க விரதம் இருக்கிற அழகைக் கேட்கணுமா! குழந்தைவேல் ரவா உப்புமாவில் ஆரம்பித்தார், கோதுமை அடைக்குப் போனார், சட்னி கேட்டார், சட்னி மிச்சமிருக்கிறதே என்று மறுபடி அடை கேட்டார். கடைசியில் பையிலிருந்த பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடித்தார். பரிமாறிய பூரணியம்மா போதும் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

"விரதம் ஆச்சா ஐயா?"

"ஆச்சும்மா. ஒரு பருக்கை சோறு தொடல."

"பசிச்சுதா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப பாட்டில்ல ஒண்ணும் இல்லேங்கிறீங்க."

"பாட்டிலைக் குத்தம் சொல்லல. சர்க்கரை போட்டதைக் குடிச்சுத் தள்ளுறவங்க இதுக்கு மாறினா கொஞ்சம் குறையலாம். நீங்க முன்னாடி என்ன குடிச்சீங்க?"

"சீரகத் தண்ணிதாம்மா."

"அப்புறம் இது எதுக்கு?"

"ஏதோ ஒண்ணு செய்யறோம்னு இருக்கணுமில்ல? பிள்ளை கேட்டா சொல்லணுமில்ல?" காலிப் பாட்டிலைத் தள்ளி வைத்தார். "இதைக் குடிச்ச தைரியத்துல பரோட்டா ரெண்டு கூடுதலா உள்ள போகுது. படுபாவிம்மா நான்."

"எடை இறங்கிட்டா என்ன ஆகும் ஐயா?"

"ஆபரேஷன்" என்றார். சொன்னதுமே கை தானாக விலாவைப் பொத்திக்கொண்டது.

பூரணியம்மா அந்தக் கையையே பார்த்தார். அதற்குமேல் மறைக்கக் குழந்தைவேலால் முடியவில்லை.

"கத்தின்னாலே குலை நடுங்குதும்மா. என் தம்பி ஆபரேஷன் மேஜையிலயே போனவன். தமயந்திகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அப்பா முயற்சி பண்றாருன்னு நம்பிக்கிட்டு இருக்கா."

"அவ போன வாரம் இங்க வந்தா ஐயா. 'அப்பாவுக்குப் பயமா இருக்கு, நீங்க எதுவும் கேட்காதீங்கம்மா, எடை இறங்கலேன்னே இருக்கட்டும்'னு சொல்லிட்டுப் போனா."