மூடிக்கொள்ளும் மெனு

“எவ்வளவு நேரம் திறந்திருக்கணும், எஸ்தர்?” என்று கேட்டான் தணிகாசலம்.

“எது?”

“மெனு. மவுஸைக் கொண்டுபோய் வச்சா பட்டியல் கீழ விரியுதில்ல. மவுஸ் விலகினா மூடிக்கும். மூடறதுக்கு முன்னாடி எவ்வளவு நேரம் விடலாம்? கால் செகண்டா, அரை செகண்டா?”

எஸ்தர் அலுவலக கேன்டீனில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அவனுக்கு நாற்பத்தாறு. இருந்தாலும் அந்த அலுவலகத்தில் குரு என்று பெயர் வாங்கியிருந்தது அவள்தான். மற்றவர்கள் கட்டிய இணையதளங்களைப் பயன்படுத்திப் பார்த்து, எங்கே உதைக்கிறது என்று சொல்வது அவள் வேலை. யார் என்ன கேட்டாலும் நேரான பதில் வராது. பாதிப் பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடுவார்கள். மீதிப் பேர் இரண்டு நாள் கழித்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார்கள்.

தணிகாசலம் பதினேழு வருடமாக இணையதளம் கட்டுகிறவன். இந்தக் குரு, சிஷ்யன் கதையெல்லாம் அவனுக்குக் கேலிக்கூத்து. போன வாரம் வரை அவளிடம் வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை.

போன வாரம் ஒரு மெயில் வந்தது.

விருத்தாசலத்துக்குப் பக்கத்திலிருந்து செங்கமலம் என்ற பெண் எழுதியிருந்தாள். அவளுடைய அப்பா கலியமூர்த்தி, வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டவர். அதற்கான இடத்தை ஓர் அறக்கட்டளை ஒதுக்கித் தந்திருந்தது. வருடத்துக்கு ஒரு முறை, தேதி தவறாமல், அறக்கட்டளையின் இணையதளத்தில் அந்த இடத்தைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் இடம் வரிசையில் நிற்கும் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த இணையதளத்தைக் கட்டியவன் தணிகாசலம்.

‘அப்பாவுக்குக் கை நடுங்கும். ஆனாலும் ஸ்கூலில் கிளார்க்காக இருந்தவர், கம்ப்யூட்டர் தெரியும், நானே செய்துகொள்கிறேன் என்றார். பதினோரு தடவை முயற்சி செய்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. இடம் போய்விட்டது. வேறு இடம் கிடைப்பதற்குள் அப்பாவும் போய்விட்டார். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனக்குத்தான் தெரியலை, எனக்குத்தான் தெரியலை என்று கடைசி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.’

தணிகாசலம் அதை நான்கு முறை படித்தான். பிறகு பதிவுகளைத் தோண்டினான். தளத்துக்கு வருகிறவர்களின் மவுஸ் எங்கெங்கே போகிறது என்பதைப் படமாகச் சேமித்து வைக்கும் ஏற்பாடு இருந்தது. அந்தப் பதினோரு படங்களும் கிடைத்தன.

மவுஸின் அம்பு ‘சேவைகள்’ மேல் வந்து நின்றது. பட்டியல் விரிந்தது. ‘நோயாளிகளுக்கு’ என்பதற்கு இறங்கியது. பக்கத்தில் இன்னொரு பட்டியல் விரிந்தது. ‘ஆண்டுப் பணிகள்.’ இன்னும் ஒன்று. அதன் கடைசி வரிதான் ‘இடம் புதுப்பித்தல்’. அம்பு அதை நோக்கிக் குறுக்காகப் போனது, வழியில் நடுங்கியது, பட்டியல் மொத்தமும் மூடிக்கொண்டது.

மறுபடி ‘சேவைகள்’.

மறுபடி மூடிக்கொண்டது.

ஒரு படத்தில் அம்பு ஆறு நிமிடம் அசையாமல் நின்றது. அப்போது அந்த மனிதர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று தணிகாசலம் யோசித்தான். யோசித்திருக்கக் கூடாது.

அவனுடைய மேலாளர் சொன்னார், பிழைப் பதிவேட்டில் ஒன்றுமே இல்லை, தளம் ஒழுங்காகத்தான் ஓடியிருக்கிறது, நம் பக்கம் தப்பே இல்லை என்று. அது உண்மைதான். அந்த மாத அறிக்கையில் தளத்துக்கு வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டிருந்தார்கள். கலியமூர்த்தி வந்த பதினோரு தடவையும் அதில் அடக்கம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் தணிகாசலம் கேட்டான், எவ்வளவு நேரம் என்று.

எஸ்தர் எழுந்து போய் இன்னொரு டீ வாங்கி வந்தாள். மேஜையின் மறுகோடியில் வைத்தாள்.

“எடுத்துக்குங்க.”

அவன் கையை நீட்டினான். அவள் டம்ளரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“குறுக்க வராதீங்க. மேஜை ஓரமா நேரா வந்து, அப்புறம் திரும்பணும்.”

அவன் ஓரமாகக் கையைக் கொண்டுபோனான். டம்ளருக்கு ஒரு விரல்கடை தூரத்தில் அவன் மணிக்கட்டு மேஜை விளிம்பைவிட்டு இம்மியளவு விலகியது. டம்ளர் பின்னால் போய்விட்டது.

“இது என்ன விளையாட்டு, எஸ்தர்?”

“கால் செகண்ட் விடட்டுமா? அரை செகண்ட்?”

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். டீ ஆறி, ஆடை கட்டியது.

ஒன்பது நாள் அவன் வேறு வேலை பார்க்கவில்லை. மவுஸ் பட்டாலே விரிகிற பழக்கத்தை எடுத்தான். அழுத்தினால் விரியும், மறுபடி அழுத்தும் வரை மூடாது. வரிகளை விரல் அகலத்துக்குப் பெரிதாக்கினான். மவுஸே இல்லாமல் கீபோர்டால் மேலும் கீழும் போக வழி செய்தான். கண் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள், எந்தப் பட்டியல் விரிந்திருக்கிறது, எது மூடியிருக்கிறது என்று சொல்லும்படி செய்தான். செல்போனில் கட்டைவிரலுக்கு எட்டும்படி இடம் மாற்றினான்.

இவ்வளவும் செய்ய ஒன்பது நாள்தான் ஆயிற்று என்பது அவனை வதைத்தது. தளம் நான்கு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. நான்கு வருடத்தில் ஒரு ஒன்பது நாள் கிடைக்காமலா போயிற்று?

பத்தாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவள் இடத்துக்குப் போனான்.

எஸ்தர் இடது கையால் மவுஸைப் பிடித்தாள். வேண்டுமென்றே கையை உதறினாள். அம்பைக் கண்டபடி அலைய விட்டாள். மெனு அசையவில்லை. கீபோர்டில் போனாள். போக முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடியே போனாள். அதுவும் முடிந்தது.

“நல்லாருக்கு,” என்றாள்.

தணிகாசலம் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒன்பது நாள் காத்திருந்தான். வந்தபோது அதில் ஒன்றும் இல்லை.

“இது அப்ப இருந்திருந்தா அவர் அந்தப் பக்கத்துக்குப் போயிருப்பாரு, இல்ல?”

அவள் மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

“சொல்லுங்க எஸ்தர். திட்டவாவது செய்ங்க.”

“எதுக்கு நாலாவது அடுக்குல இருக்கு?”

“எது?”

“புதுப்பிக்கற பக்கம்.”

அவன் கதை முழுவதையும் சொன்னான். மேல் வரிசையில் ஆறே இடம். தலைவரின் செய்தி ஒன்றை எடுத்துக்கொண்டது. விழாப் படங்கள் ஒன்று. நிர்வாகக் குழு ஒன்று. விருதுகள் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வந்து சண்டை போட்டார். புதுப்பித்தலுக்காகச் சண்டை போட ஒருவரும் வரவில்லை.

“நோயாளிங்க மீட்டிங்குக்கு வரமாட்டாங்களே,” என்றான்.

“நீங்க இருந்தீங்களே.”

“இருந்தேன். மெனுவுல எங்கயாவது இருந்தா போதும்னு நினைச்சேன். எங்க வேலையில அப்படித்தான். மெனுவுல சேர்த்துட்டா அந்த விஷயம் முடிஞ்சுது, பட்டியல்ல ஒரு டிக் அடிச்சிட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம்.”

எஸ்தர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தாள். அவன் குடிக்கவில்லை.

“அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் திறங்க,” என்றாள்.

“எந்தப் பக்கம்?”

“புதுப்பிக்கறது.”

திறந்தான். சொல்லி முடிப்பதற்குள் பக்கம் திரையில் இருந்தது.

எஸ்தர் திரையைப் பார்க்கவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் குனிந்து பார்த்தான். மவுஸ் ஒதுங்கிக் கிடந்தது. மெனு விரியவே இல்லை. மேலே முகவரி அடிக்கும் கட்டத்தில் இரண்டு எழுத்தைத் தட்டியிருந்தான். மீதியை, அவன் வழக்கம் தெரிந்த கம்ப்யூட்டரே போட்டுக்கொண்டது.

“நீங்க எப்பவும் இப்படித்தான் போவீங்களா?”

“ஆமா.”

“உங்க டீம்ல மத்தவங்க?”

அவன் ஒவ்வொருவரின் மேஜையையும் மனதில் சுற்றி வந்தான். நான்கு வருடம். தினம் பத்து தடவையாவது யாராவது அந்தப் பக்கத்தைத் திறந்திருப்பார்கள்.

“எல்லாரும் இப்படித்தான். மெனு வழியா போயிட்டிருந்தா வேலை ஆகாது,” என்றான். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது.

எஸ்தர் அந்த முகவரியை மெல்ல வாய்விட்டுப் படித்தாள். அறக்கட்டளையின் பெயர். ஒரு சாய்கோடு. புதுப்பி. அவ்வளவுதான். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடலாம்.

“தேதி முடியப்போகுதுன்னு அவருக்கு எஸ்.எம்.எஸ். ஏதாவது போச்சா?”

“போச்சு. மூணு தடவை.”

“என்ன எழுதியிருந்துச்சு?”

தணிகாசலத்துக்குத் தெரியும். அந்த வரியை எழுதிக் கொடுத்தவனே அவன்தான். லேப்டாப்பை மூடினான். மறுபடி திறந்தான். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

“சொல்லுங்க.”

“‘மெனுவில் பார்க்கவும்’னு,” என்றான்.