பந்தி போட்டாச்சு!

முன்னொரு காலத்தில் மஞ்சனூரைத் தலைநகராக வைத்துக்கொண்டு பூவணவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஓர் ஆசை வந்தால் மாலைக்குள் நடந்தாக வேண்டும். நடக்காவிட்டால் அன்றைய சாப்பாட்டில் ஏதாவது குறை கண்டுபிடித்து, பாவம், சமையல்கார மாடக்கண்ணுவைத் திட்டித் தீர்ப்பான்.

அந்த ராஜாவுக்கு நாடகசாலை கட்டும் ஆசை வந்தது. பொறுப்பை உத்தண்டராயரிடம் கொடுத்தான். ராயர் அரசவையில் பெரிய ஆள். மந்திரி காளத்தியாரைப் பார்த்தால் மட்டும் அவருக்கு வயிறு எரியும். அந்த மந்திரி பதவி தனக்கு வந்திருக்க வேண்டியது என்பது அவர் நினைப்பு.

நாடகசாலை எழும்பியது. மரத் தூண்கள், பட்டுத் திரை, மேலே ஓலைக் கூரை. இத்தனை பெரிய கட்டடத்துக்கு வாசல் ஒன்றே ஒன்று. அதில் தந்தம் பதித்த கனமான கதவு, உள்பக்கமாகத் திறப்பது. அதற்கு நேரெதிரே சிம்மாசனம்.

அந்த ஊரில் ஒரு சட்டம் உண்டு. பழைய கூத்துக் கொட்டகை ஒன்று தீப்பிடித்து, வெளியே வர வழியில்லாமல் பல பேர் மாண்டபோது, ராஜாவின் தகப்பனார் அழுதுகொண்டே போட்ட சட்டம் அது. புதுக் கட்டடம் எதுவானாலும் மந்திரி சுற்றிப் பார்த்து முத்திரை வைத்தால்தான் திறக்கலாம்.

காளத்தியார் சுற்றிப் பார்த்தார். முத்திரையை எடுத்த வேகத்தில் மடியில் திரும்பச் செருகிக்கொண்டார்.

"மன்னா, நாலு பக்கமும் வாசல் வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். ஓலைக்குப் பதில் ஓடு, மூலைக்கு மூலை மணலும் தண்ணீரும் வேண்டும்."

உத்தண்டராயர் சிரித்தார். "அரசே, வாசல் ஒன்றாக இருந்தால்தான் வருகிறவன் எல்லாம் உங்களைக் கும்பிட்டுக்கொண்டே நுழைவான். நாலு வாசல் வைக்க இதென்ன மாட்டுச் சந்தையா? மந்திரிக்கு வயதாகிவிட்டது, பயம் பிடித்துக்கொண்டது!"

"ராயரே, தீப்பிடித்தால் எப்படி வெளியே போவீர்கள்?"

"முதலில் மன்னர். பிறகு பெரியவர்கள். பிறகு மற்றவர்கள். வரிசையாக! அரசவையாருக்கு ஒழுங்கு தெரியாதா?"

ராஜாவுக்கு அது பிடித்துப்போயிற்று. "மந்திரியாரே, இந்தச் சாலை ஆபத்தானது என்று நாளைக்கே நிரூபியும். ஒரு துரும்பைக்கூடக் கொளுத்தக் கூடாது, யாரையும் பயமுறுத்தவும் கூடாது. முடியாவிட்டால் முத்திரையை ராயரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டும்!"

பதவி போவதைப் பற்றிக் காளத்தியார் கவலைப்படவில்லை. ராயர் கைக்கு முத்திரை போனால் வருகிற திருவிழாவுக்கு ஊரே பிள்ளைகுட்டிகளோடு அதற்குள் உட்காரும், சுற்றிலும் தீவட்டி எரியும். அதை நினைத்தால்தான் அவருக்குச் சோறு இறங்கவில்லை. யோசித்தபடியே நேரே சமையல்கட்டுக்குப் போனார்.

மறுநாள் அரசவை முழுவதும் நாடகசாலையில் கூடியது. கதவைச் சாத்தினார்கள். மத்தளம் முழங்கியது. ராஜா ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது கதவு லேசாகத் திறந்து, மாடக்கண்ணு தலையை மட்டும் உள்ளே நீட்டினான்.

"பந்தி போட்டாச்சு!"

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

மஞ்சனூர் அரண்மனை வழக்கம் உங்களுக்குத் தெரியாதே! முதல் பந்தியில் ராஜாவுக்கு எதிர் இலையில் யார் முந்தி உட்காருகிறாரோ, அடுத்த விருந்து வரைக்கும் அவர்தான் ஊரில் பெரிய மனிதர். அவ்வளவுதான், அரசவை மொத்தமும் எழுந்து ஓடியது. எல்லாருக்கும் முன்னால் ஓடியவர் யார் என்கிறீர்கள்? சாட்சாத் உத்தண்டராயர்!

ராயர் கைப்பிடியைப் பிடிப்பதற்குள் பின்னால் வந்த கூட்டம் அவரைக் கதவோடு கதவாக அப்பிவிட்டது.

"இழுங்கய்யா கதவை!"

"எப்படி இழுக்கிறது? நீங்கள் நகர்ந்தால்தானே!"

"யோவ், என் தலைப்பாகை!"

"விலகுங்கள்! இது ராஜ கட்டளை!" என்று ராஜா கத்தினான். யார் காதிலும் விழவில்லை. அவனுக்கு வேர்த்துக் கொட்டியது.

அப்போது வெளியிலிருந்து மாடக்கண்ணுவின் குரல் கேட்டது. "சாதம் இன்னும் வேகலைங்க! கொஞ்சம் பொறுங்க!"

கூட்டம் சலித்துக்கொண்டு பின்வாங்கியது. கதவு சுலபமாகத் திறந்துகொண்டது.

உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்த காளத்தியார் மெதுவாகச் சொன்னார். "மன்னா, இது வெறும் சோற்றுக்கு ஓடிய ஓட்டம். உயிருக்கு ஓடினால்?"

ராஜா பட்டுத் திரையைப் பார்த்தான், ஓலைக் கூரையைப் பார்த்தான். தகப்பனார் அழுத அழுகை ஞாபகம் வந்தது. "என் கண்ணைத் திறந்தீர். இனிமேல் என் எதிர் இலை உம்முடையது, யாரும் அதற்கு ஓட வேண்டாம்" என்றான். பிறகு திரும்பினான். "ராயரே! மந்திரி சொன்னபடி கட்டும். கட்டி முடித்தபின் ஒவ்வொரு நாடகத்தின்போதும் வாசலில் நின்று, கடைசி ஆள் வெளியேறிய பிறகே நீர் வெளியே வர வேண்டும். உமக்கு இனி எப்போதும் கடைசிப் பந்திதான்!" ராயர் கலைந்த தலைப்பாகையோடு தலைகுனிந்து நின்றார்.

திருவிழா வந்து போயிற்று. வேலை முடியவில்லை. ஆச்சரியம்தான், அவசரக்கார ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான். முத்திரை விழுந்ததும் ஊரைக் கூட்டி நாடகமும் விருந்தும் வைத்தான்.

நாடகம் பாதியில் இருக்கும்போது விளக்கு ஒன்று சாய்ந்து திரையில் தீப்பற்றிக்கொண்டது. ஜனங்கள் பதறி எழுந்தார்கள். நாலு பக்கமும் கதவுகள் தள்ளியதும் திறந்தன. சிலர் மணலை வாரிக் கொட்டினார்கள், சிலர் தண்ணீர் இறைத்தார்கள். ராஜா வெளியே நின்று ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

கடைசியில் உத்தண்டராயர் இருமிக்கொண்டே வந்தார். முகமெல்லாம் கரி. "உள்ளே ஒருவரும் இல்லை மன்னா. தீயும் அணைந்துவிட்டது."

ராஜா காளத்தியார் பக்கம் திரும்பினான். "மந்திரியாரே, உம்முடைய எதிர் இலையை இன்றைக்கு மட்டும் ராயருக்குக் கொடுப்பீரா?"

"தாராளமாக!" என்றார் காளத்தியார்.

ராயர் தலையாட்டி மறுத்தார். "ஜனங்கள் பயந்துபோயிருக்கிறார்கள். முதலில் அவர்கள் சாப்பிடட்டும். என் முறை கடைசிப் பந்தி."

"அப்படியானால் எங்கள் இலையையும் அங்கேயே போடச் சொல்லும்" என்றான் ராஜா.

ஊரெல்லாம் சாப்பிட்டு எழுந்த பிறகு மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். பாயசம் சுத்தமாகத் தீர்ந்துபோயிருந்தது. மாடக்கண்ணு காலிப் பாத்திரத்தோடு நடுங்கிக்கொண்டு வந்து நின்றான். அன்றைக்கு ராஜா அவனைத் திட்டவே இல்லை.